நெல் வயல் மீத்தேன் குறித்துக் கொள்கைக் குறிப்பு தயாரிப்பது எப்படி: காவிரி டெல்டாவை முன்வைத்து ஒரு முழு வழிகாட்டி

காலநிலை, நிலம், வேளாண்மை மூன்றும் சந்திக்கும் இடத்தில் கொள்கை ஆய்வாளராக வேலைக்குச் சேருபவரிடம் முதல் சில மாதங்களிலேயே வரக்கூடிய வேலை இது: “நெல்லில் காய்ச்சலும் பாய்ச்சலும் முறையை (வயலை இடையிடையே காய விட்டுப் பாய்ச்சுவதை) ஊக்குவித்தால் எவ்வளவு மீத்தேன் குறையும், அரசு என்ன செய்யலாம், ஒரு குறிப்பு கொடுங்கள்.”

புதியவர்கள் பெரும்பாலும் அன்றைக்கே எக்செல்லைத் திறந்து, மாவட்ட நெல் பரப்பை ஓர் உமிழ்வுக் காரணியால் (ஒரு ஹெக்டேரிலிருந்து எவ்வளவு வாயு வெளியேறும் என்ற எண்ணால்) பெருக்கிவிடுகிறார்கள். பெரிய எண் வருகிறது, குறிப்பும் அழகாக அமைகிறது. நீர்வளத் துறையிலிருந்து ஒருவர் “அந்த வயலில் தண்ணீரை யார் நிறுத்துவது?” என்று கேட்டதும் எல்லாம் சரிந்துவிடுகிறது. உமிழ்வுக் கணக்கு ஆறாவது படியில்தான் வர வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பொருளியல் மற்றும் புள்ளியியல் துறையின் பருவம் மற்றும் பயிர் அறிக்கை, குறைந்தது 10 ஆண்டுகளுக்கு. ஓர் ஆண்டை மட்டும் எடுத்தால், மேட்டூர் அணை தாமதமாகத் திறந்த ஆண்டாக அது இருந்துவிடக்கூடும். ஜூனில் தொடங்கும் குறுவைப் பருவத்தின் பரப்பு அணைத் திறப்பைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு வெகுவாக ஏறி இறங்கும்.

வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகங்களின் வட்டார வாரிப் பரப்பு விவரம். மாவட்ட எண் ஏன் போதாது என்பது மூன்றாம் படியில் வரும்.

ஐ.பி.சி.சி. (காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு) வெளியிட்ட உமிழ்வுக் கணக்கு வழிகாட்டி நூலின் 2006 பதிப்பும், அதன் 2019 திருத்தமும். இரண்டிலும் நான்காம் தொகுதி, ஐந்தாம் அத்தியாயம். நைட்ரஸ் ஆக்சைடுக்குப் பதினொன்றாம் அத்தியாயம்.

தேர்ந்தெடுத்த சில கிராமங்களின் அடங்கல் (எந்த சர்வே எண்ணில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவேடு) நகல். வழக்கமான வழியில் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுங்கள். பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதனால் இந்த மனு முதல் வாரத்திலேயே போக வேண்டும். கணக்கெல்லாம் முடித்துவிட்டு மனு போட்டால் ஒரு மாதம் சும்மா உட்கார வேண்டியிருக்கும்.

## 1. கேள்வியை ஒரு கையெழுத்து வரை சுருக்குங்கள்

“மீத்தேனைக் குறைப்பது எப்படி” என்பதை யாராலும் கோப்பில் வைத்து முடிவெடுக்க முடியாது. யார் கையெழுத்துப் போட்டால் இது நடக்கும் என்று கேளுங்கள். அந்தக் கையெழுத்துக்கு ஏற்றபடி கேள்வியை மாற்றுங்கள்.

டெல்டா நெல்லைப் பொறுத்தவரை நான்கு இடங்களைத் தொட வேண்டும். பயிர் மானியமும் விரிவாக்கப் பணியும் வேளாண்மை – உழவர் நலத்துறையிடம். ஆறும் வாய்க்காலும் நீர்வளத் துறையிடம். காலநிலைத் திட்டங்கள் சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம் மற்றும் வனத்துறையிடம். மோட்டார் ஓடும் மின்சாரம் மின்வாரியத்திடம். நான்கையும் ஒரே பரிந்துரையில் கட்டினால் கோப்பு ஒவ்வொரு மேசையிலும் தங்கிவிடும். ஒரு துறை தனியாகச் செய்யக்கூடியதை முதல் பரிந்துரையாகவும், கூட்டாகச் செய்ய வேண்டியதை இரண்டாவதாகவும் பிரித்துக்கொள்ளுங்கள்.

நல்ல கேள்வியின் உருவம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: “குறுவைத் தொகுப்புத் திட்டத்தில் நீர்மட்டக் குழாயையும் ஓர் ஊக்கத்தொகையையும் சேர்த்தால், சொந்த மோட்டார் உள்ள உழவர்களிடம் எவ்வளவு மாற்றம் வரும், அரசுக்கு என்ன செலவாகும்?” இதில் பருவம், பயனாளி, கருவி, செலவுத் தலைப்பு நான்கும் இருக்கின்றன. ஏற்கெனவே ஓடும் திட்டத்தின் மேல் ஏற்றுவது, புதுத் திட்டம் கேட்பதைவிட எப்போதும் எளிது.

## 2. தண்ணீரின் சாவி யாரிடம் என்று பாருங்கள்

முழு வேலையின் முதுகெலும்பு இந்தப் படிதான். இதற்கு மற்ற எதையும்விட அதிக நாள் ஒதுக்குங்கள்.

காய்ச்சலும் பாய்ச்சலும் என்பது வயலில் தண்ணீர் வற்றி, மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கியதும் மறுபடி 5 செ.மீ. உயரத்துக்குப் பாய்ச்சுவது. மட்டத்தைப் பார்க்க 30 செ.மீ. நீளமுள்ள, துளையிட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றை 20 செ.மீ. மண்ணுக்குள்ளும் 10 செ.மீ. வெளியிலும் இருக்கும்படி நட்டு, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிடுவார்கள். நட்ட முதல் இரண்டு வாரம் களையை அடக்கத் தண்ணீர் நிற்க வேண்டும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரையும் காய விடக் கூடாது, விட்டால் பதர் கூடும்.

வேண்டும்போது நிறுத்தவும் வேண்டும்போது பாய்ச்சவும் முடிகிற உழவரால் மட்டுமே இதைச் செய்ய முடியும். டெல்டாவில் எல்லோருக்கும் அது வாய்ப்பதில்லை.

வாய்க்கால் பாசனம்: முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, அடுத்த முறை எப்போது வரும் என்ற உறுதி இல்லாதவர் வந்த தண்ணீரை முழுக்கத் தேக்கிக்கொள்வார். அவரிடம் 15 செ.மீ. இறங்கும்வரை காத்திருங்கள் என்று சொல்வது பயிரைப் பணயம் வைக்கச் சொல்வதற்குச் சமம்.

சொந்த ஆழ்குழாய் மோட்டார்: சாவி உழவர் கையில். ஆனால் வேளாண் மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. குறைவாக இறைப்பதால் அவருக்குப் பணம் மிச்சமாகாது. நீர்மட்டம் இறங்கிய ஊரில் மட்டுமே அவருக்குத் தன் சொந்தக் காரணம் உண்டு.

சம்பா, தாளடி: வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை. தாழ்ந்த வயலில் வடிகால் நிரம்பி நிற்கும்போது, வடிக்க நினைத்தாலும் வடியாது. சம்பாவுக்கு இந்த முறையைப் பொதுவாகப் பரிந்துரைக்கும் குறிப்பு, டெல்டாவில் ஒரு நவம்பரைக்கூடப் பார்க்காமல் எழுதியது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

கடைமடையின் (வாய்க்கால் முடியும் பகுதியின்) கடலோர வயல்கள்: காய விட்டால் அடியிலிருந்து உப்பு மேலே ஏறும் மண் அங்கே உண்டு. அந்தப் பகுதிகளைத் தொடக்கத்திலேயே விலக்கிவிடுங்கள்.

எனவே கல்லணைக்கு அருகே தலைமடையில் ஒன்று, நடுப்பகுதியில் ஒன்று, கடைமடையில் ஒன்று என்று மூன்று கிராமங்களாவது நேரில் பாருங்கள். உழவரிடம் மட்டும் பேசித் திரும்பாதீர்கள். மதகைத் திறந்து மூடும் லஸ்கரிடம் அரை மணி நேரம் பேசினால், எந்த மாதத்தில் எத்தனை நாள் இடைவெளியில் தண்ணீர் வருகிறது என்பது எந்த அறிக்கையையும்விடத் தெளிவாகத் தெரியும்.

படியின் முடிவில் ஒரு சிறு பட்டியல் போதும்: பருவம், நீர் ஆதாரம், நிறுத்தும் அதிகாரம் யாரிடம், வடிகால் உண்டா. நான்கும் ஒத்துவரும் பரப்பை மட்டுமே அடுத்த படிகளுக்கு எடுத்துச் செல்லுங்கள்.

## 3. பரப்பளவைச் சரியாகப் பிடியுங்கள்

பருவம் மற்றும் பயிர் அறிக்கையில் நெல் மூன்று கட்டங்களாக இருக்கும்: கார்/குறுவை/சொர்ணவாரி, சம்பா/தாளடி/பிசானம், நவரை/கோடை. சம்பாவும் தாளடியும் ஒரே கட்டத்தில் கலந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. மீத்தேன் கணக்கில் இரண்டும் வெவ்வேறு. குறுவை அறுத்த கையோடு அதே வயலில் நடுவது தாளடி. தரிசாகக் கிடந்த வயலில் ஒரு போகமாக வருவது சம்பா. வட்டார வாரி விவரம் வாங்கித்தான் பிரிக்க முடியும். தாளடிப் பரப்பு குறுவைப் பரப்பைத் தாண்டினால் எங்கோ பிழை இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

நிகர சாகுபடிப் பரப்பும் மொத்த சாகுபடிப் பரப்பும் வேறு வேறு. இரு போகம் விளைந்த ஒரு ஹெக்டேர் நிகரத்தில் 1, மொத்தத்தில் 2. உமிழ்வுக்கு மொத்தப் பரப்பு. பயனாளி எண்ணிக்கைக்கும் குழாய் எண்ணிக்கைக்கும் நிகரப் பரப்பு. இரண்டையும் மாற்றிப் போட்டால் திட்டச் செலவு இரட்டிப்பாகிவிடும்.

வருவாய்க் கணக்கின் பசலி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. குறுவை நாற்றங்காலும் முன்பட்ட நடவும் ஜூனிலேயே வந்துவிடுவதால், அவை எந்த ஆண்டில் ஏறியிருக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாள்காட்டி ஆண்டின் மழையைப் பசலி ஆண்டின் பரப்போடு ஒட்டவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

அலகு விஷயத்தில் பொறுமை வேண்டும். அறிக்கை ஹெக்டேரில் பேசும், அடங்கலும் அப்படியே. உழவர் மா கணக்கில் பேசுவார். 1 மா சுமார் 33 சென்ட், 20 மா ஒரு வேலி. 1 ஹெக்டேர் 2.471 ஏக்கர். விளைச்சலை “மாவுக்கு இத்தனை மூட்டை” என்பார்கள். மூட்டை எத்தனை கிலோ என்று உடனே கேளுங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம்; வியாபாரிக்குப் போடும் மூட்டை 60 கிலோவைத் தாண்டும்.

செயற்கைக்கோள் படம் பயன்படுத்தினால், மழைக்காலத்தில் மேகம் மறைக்காத ரேடார் படமான சென்டினல்-1 எடுங்கள். ஒளிப்படம் தரும் சென்டினல்-2 நவம்பரில் பெரும்பாலும் மேகத்தைத்தான் காட்டும். எதைப் பயன்படுத்தினாலும் அடங்கலோடு சில சர்வே எண்களை ஒப்பிட்டுவிட்டுத்தான் நம்புங்கள்.

## 4. பருவ நாட்காட்டி வரையுங்கள்

ஒரு முழுத் தாளில் 12 மாதம். மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12, அடைப்பு ஜனவரி 28. குறுவை ஜூன்–செப்டம்பர், சம்பா ஆகஸ்ட்–ஜனவரி, தாளடி செப்டம்பர் கடைசி–பிப்ரவரி.

ஒவ்வொரு பருவத்திலும் நாற்றங்கால் நாட்களையும் நடவு வயல் நாட்களையும் தனியாகக் குறியுங்கள். 110 நாள் ரகம் என்றால் அதில் 25 நாள் நாற்றங்காலில் போகிறது. பெருவயலில் 85 நாள்தான். 110ஐ அப்படியே போட்டால் உமிழ்வு நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஊதிவிடும். நேரடி விதைப்பு என்றால் இந்தக் கழிப்பு இல்லை.

## 5. அடிப்படை நிலையைக் கூட்டிச் சொல்லாதீர்கள்

“இப்போது எல்லா வயலும் தொடர்ந்து நீர் நிற்பது” என்று வைத்துக்கொண்டால் பலன் பெரிதாகத் தெரியும். முறைப்பாசனத்தில் இருக்கும் குறுவை வயல் பல ஊர்களில் ஏற்கெனவே இடையிடையே காய்ந்துகொண்டுதான் இருக்கிறது. உழவர் திட்டமிட்டுக் காய விடவில்லை, தண்ணீர் வரவில்லை, அவ்வளவுதான். மண்ணில் காற்று புகுந்தால் மீத்தேன் குறைவது இரண்டிலும் ஒன்றே.

எனவே கிராமத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வயலிலாவது, போன பருவத்தில் எத்தனை முறை மண் வெடிப்பு தெரிந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று கேளுங்கள். ஞாபகம் ஏமாற்றும் என்பதால் “ஆடிப்பெருக்குக்கு முன்பா, பிறகா” என்று நாள் நட்சத்திரத்தோடு சேர்த்துக் கேட்டால் சரியான பதில் வரும்.

இந்த ஒரு படியில் ஏற்படும் வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது அடுத்த கணக்கில் தெரியும்.

## 6. இப்போது உமிழ்வுக் கணக்கு

2019 திருத்தத்தின்படி தெற்காசியாவுக்கான அடிப்படைக் காரணி ஹெக்டேருக்கு நாளொன்றுக்கு 0.85 கிலோ மீத்தேன். 2006 பதிப்பில் உலகம் முழுவதுக்கும் ஒரே எண், 1.30. நீர் நிர்வாகப் பெருக்கிகள் 2019 திருத்தத்தில்: தொடர் நீர் நிறுத்தம் 1, ஒருமுறை வடிப்பு 0.71, பலமுறை வடிப்பு 0.55. 2006இல் பின்னவை இரண்டும் 0.60, 0.52. ஒரு நூலின் அடிப்படைக் காரணியையும் மற்ற நூலின் பெருக்கியையும் கலந்து போடுவது மிகவும் பரவலான பிழை. ஒரே பதிப்பில் நில்லுங்கள்.

நடவுக்கு முந்தைய நிலைக்கும் ஒரு பெருக்கி உண்டு. தண்ணீர் இல்லாத காலம் 180 நாளுக்குள் என்றால் 1, அதைத் தாண்டினால் 0.89, நடவுக்கு முன்பே 30 நாளுக்கு மேல் தண்ணீர் நின்றிருந்தால் 2.41. தை அறுவடைக்குப் பின் ஜூன் வரை காயும் குறுவை வயலுக்கு 1. ஜனவரியில் அறுத்து ஆகஸ்டுக்கு மேல்தான் தண்ணீர் பார்க்கும் ஒரு போகச் சம்பா வயலுக்கு 0.89 பொருந்தும்.

குறுவையில் ஒரு ஹெக்டேருக்கு, வைக்கோல் சேர்க்காமல்:

தொடர் நீர் நிறுத்தம்: 0.85 × 85 = 72.3 கிலோ மீத்தேன்.
ஒருமுறை வடிப்பு: 72.25 × 0.71 = 51.3 கிலோ.
பலமுறை வடிப்பு: 72.25 × 0.55 = 39.7 கிலோ.

மீத்தேனைக் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாக மாற்ற 100 ஆண்டுப் பெருக்கி வேண்டும்: நூறு ஆண்டில் ஒரு கிலோ மீத்தேன் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சூடேற்றும் என்ற எண். ஐ.பி.சி.சி.யின் இரண்டாம் அறிக்கையில் அது 21, நான்காமதில் 25, ஐந்தாமதில் 28. பழைய அறிக்கை ஒன்றின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடும் முன், அவர்கள் எதைப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். இங்கே 28.

வயல் காய்ந்தால் நைட்ரஸ் ஆக்சைடு கூடும். இதை விட்டுவிடும் குறிப்புகள் ஏராளம். 2019 திருத்தத்தில் இதன் காரணி (இட்ட நைட்ரஜனில் நைட்ரஸ் ஆக்சைடாகப் போகும் பங்கு) தொடர் நீர் வயலுக்கு 0.003, வடித்த வயலுக்கு 0.005. ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இட்டால் கூடுதல் 0.3 கிலோ நைட்ரஜன். 44/28 ஆல் பெருக்கினால் 0.47 கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. அதன் 100 ஆண்டுப் பெருக்கியான 265 ஆல் பெருக்கினால் 125 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு இணை.

இப்போது நிகரப் பலன். தொடர் நீரிலிருந்து பலமுறை வடிப்புக்கு மாறினால் மீத்தேனில் 32.5 கிலோ குறைவு, அதாவது 910 கிலோ இணை. 125 கழித்தால் 785 கிலோ. அந்த வயல் ஏற்கெனவே ஒருமுறை காய்கிறது என்றால் குறைவது 11.6 கிலோ மீத்தேன், 324 கிலோ இணை மட்டுமே. நைட்ரஸ் ஆக்சைடில் மாற்றம் இல்லை. ஐந்தாம் படியில் கேட்ட ஒரே கேள்வி பலனைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிட்டது.

## 7. தாளடித் தாளையும் பசுந்தாளையும் கணக்கில் சேருங்கள்

மீத்தேனுக்குத் தீனி மண்ணில் மட்கும் தாவரப் பொருள். குறுவை அறுத்துத் தாளடி நடுவதற்குள் கிடைக்கும் நாட்கள் மிகக் குறைவு. தாளை (அறுத்தபின் வயலில் மிஞ்சும் அடித்தண்டையும் வைக்கோலையும்) அப்படியே மடக்கி உழுதால், மட்குவதற்குள் தண்ணீர் வந்துவிடும்.

கணக்கு: (1 + இடும் அளவு டன்னில் × மாற்றுக் காரணி), அதன் 0.59 அடுக்கு. நடவுக்கு 30 நாளுக்குள் மடக்கிய தாளுக்குக் காரணி 1. ஹெக்டேருக்கு 2 டன் உலர் தாள் என்றால் 3இன் 0.59 அடுக்கு, சுமார் 1.9. அதாவது உமிழ்வு ஏறக்குறைய இரட்டிப்பு. அதே 2 டன்னை மட்க வைத்துத் தொழு எருவைப் போல் இட்டால், மட்கிய உரத்தின் காரணி 0.17, பெருக்கி 1.19 தான். டெல்டாவில் தாளடியைப் பொறுத்தவரை நீர் நிர்வாகத்தைவிடத் தாள் நிர்வாகத்தில்தான் கைக்கெட்டும் பலன் இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. மழைக்காலத்தில் வடிக்க முடியாத வயலிலும் இதைச் செய்யலாம்.

எச்சரிக்கைகள் இரண்டு. இயந்திரம் அறுத்த வைக்கோலைக் கட்டாகக் கட்டி மாட்டுத் தீவனத்துக்கு விற்றுவிட்ட வயலில் நிற்பது அடித்தாள் மட்டுமே. முழு வைக்கோலையும் உமிழ்வில் ஏற்றாதீர்கள். அடுத்து, தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரத்துக்கும் காரணி உண்டு (0.45). அரசே மண்வளத்துக்காகப் பசுந்தாள் விதை வழங்குகிறது. மீத்தேன் எண்ணை மட்டும் வைத்து அதைக் குறை சொல்லக் கூடாது. அது யூரியாவைக் குறைக்கிறது, மண்ணுக்கு உயிர் கொடுக்கிறது. இரு துறைகளின் நோக்கம் இங்கே உரசுகிறது என்பதை நேராக எழுதி, மடக்கி உழுவதற்கும் நடவுக்கும் இடைவெளி கூட்டுவது போன்ற நடுவழியைச் சொல்லுங்கள்.

## 8. நீர் சேமிப்பை இரண்டு முறை எண்ணாதீர்கள்

ஒரு ஹெக்டேரில் 5 செ.மீ. தண்ணீர் என்பது 500 கன மீட்டர், 5 லட்சம் லிட்டர். ஒரு டி.எம்.சி. (நூறு கோடி கன அடி) சுமார் 2.83 கோடி கன மீட்டர். ஆக ஒரு டி.எம்.சி. 56,600 ஹெக்டேருக்கு ஒரு பாய்ச்சல். இந்த எண்ணைக் கையில் வைத்திருந்தால் கூட்டங்களில் உதவும்.

ஆனால் மேல்வயலில் மிச்சமாவது எல்லாம் ஆற்றில் மிச்சமாகாது. இறங்கிய நீரில் ஒரு பகுதி நிலத்தடிக்குப் போய் அடுத்தவர் கிணற்றில் வருகிறது, இன்னொரு பகுதி வடிகால் வழியாகக் கீழ்வயலுக்குப் போகிறது. 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தமிழகத்துக்கான 177.25 டி.எம்.சி.யோடு வயல் சேமிப்பை நேரடியாகக் கழித்துக் கூட்டி எழுதுவது தவறு, அரசியல் ரீதியாக ஆபத்தும்கூட. “இறைப்பு குறையும்” என்று எழுதுங்கள். “ஆற்றுநீர் மிச்சமாகும்” என்று தனி ஆதாரம் இல்லாமல் எழுதாதீர்கள்.

## 9. உழவரின் கணக்கைப் போடுங்கள்

785 கிலோவை ஏக்கருக்கு மாற்றினால் 318 கிலோ. இந்த உமிழ்வுக் குறைவைக் கார்பன் சந்தையில் விற்று டன்னுக்கு 1,000 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால்கூட ஏக்கருக்கு 318 ரூபாய். அடிப்படை நிலை ஒருமுறை வடிப்பு என்றால் 131 ரூபாய். சரிபார்ப்பு, பதிவு, இடைத்தரகு எல்லாம் இதற்குள்தான். கார்பன் பணம் உழவரை மாற்றும் என்று எழுதும் முன் இந்த எண்ணை அவர் முன் வைத்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கம் களைச் செலவு. தண்ணீர் நிற்காத இடத்தில் களை எழும். கைக்களைக்கு ஆள் கூலியா, களைக்கொல்லியா என்று கேட்டு எழுதுங்கள். 15 செ.மீ. வரம்புக்குள் நின்றால் மகசூல் பொதுவாகக் குறைவதில்லை. அதை நிறுவ வேண்டுமானால் பயிர் அறுவடைப் பரிசோதனை வைக்க வேண்டும்: 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம், வரும் கிலோவை 400 ஆல் பெருக்கினால் ஹெக்டேர் மகசூல். ஈரப்பதம் அளக்காமல் எடை ஒப்பிடாதீர்கள்.

பணம் யார் கணக்கில் போகும் என்பது இன்னும் முக்கியம். டெல்டாவில் கோயில் நிலம், மடத்து நிலம், வாய்மொழிக் குத்தகை நிறைய. பட்டாதாரர் பெயருக்குத் தொகை போட்டால், மடையைத் திறந்து மூடும் குத்தகைதாரருக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயரை வைத்து வழங்கும் வழியை எழுதுங்கள். அதிலும் பெயர் ஏறாதவர்களுக்குக் கிராம நிர்வாக அலுவலரின் சான்று போதுமா என்பதைத் துறையோடு பேசி, பதிலைக் குறிப்பில் சேருங்கள். இந்த ஒரு பத்தி இல்லாததால் நல்ல திட்டங்கள் உழைப்பவரைத் தவறவிடுகின்றன.

## 10. நிலம் நெல்லாகவே இருக்குமா?

பத்தாண்டுப் பலன் கணக்குப் போடுகிறீர்கள் என்றால், அந்த நிலம் பத்தாண்டும் வயலாக இருக்க வேண்டும். நிலப் பயன்பாட்டின் ஒன்பது வகைகளில் மூன்றைத் தொடர்ந்து பாருங்கள்: நடப்புத் தரிசு, மற்ற தரிசு, வேளாண்மை அல்லாத பயன்பாடு. ஓர் ஆண்டு சும்மா கிடந்தது நடப்புத் தரிசு. ஐந்தாண்டு வரை கிடப்பது மற்ற தரிசு. வறட்சி ஆண்டில் நடப்புத் தரிசு ஏறுவது இயல்பு, அடுத்த ஆண்டு இறங்கிவிடும். மற்ற தரிசு இறங்காமல் ஏறினால், அங்கே விற்பனைக்காகக் காத்திருக்கும் நிலம் இருக்கலாம்.

2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே என்று பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். அந்தச் சட்டம் எண்ணெய், இயற்கை எரிவாயு, நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுப்பு, உருக்காலை போன்ற பட்டியலிட்ட தொழில்களைத் தடுக்கிறது. மனைப்பிரிவை அது நிறுத்தாது. சட்டத்தின் அட்டவணையையும் பிந்தைய திருத்தத்தையும் சேர்த்துப் படியுங்கள். எல்லா டெல்டா வட்டாரங்களும் உள்ளே இருப்பதாக நினைத்து எழுதாதீர்கள்.

## 11. வரம்புகளைக் காட்டுங்கள்

0.85 என்பது நடு எண். அதன் வரம்பு 0.58 முதல் 1.26 வரை. ஒரே எண்ணைத் தசம புள்ளியோடு எழுதினால் இல்லாத துல்லியத்தைக் காட்டியதாகிவிடும். குறைந்த, நடு, அதிக என்று மூன்று வரி கொடுங்கள். அதோடு எந்த ஊகத்தை மாற்றினால் முடிவே மாறும் என்பதையும் சொல்லுங்கள். இந்தக் கணக்கில் அது அடிப்படை நிலைதான், அடுத்தது தாள்.

மழை விவரத்துக்கும் இதே கவனம் வேண்டும். இந்திய வானிலைத் துறையின் 0.25 பாகை கட்ட விவரத்தில் ஒரு கட்டம் ஏறக்குறைய 27 கி.மீ. அதில் பல வட்டாரங்கள் அடங்கும். அதை வைத்துக் கிராம மழை என்று எழுத முடியாது.

## 12. குறிப்பை எழுதுங்கள்

இரண்டு பக்கம். கணக்கு முழுவதும் இணைப்பில்.

முதல் பத்தியில் பரிந்துரை, துறை, தொகை, பருவம். செயலர் அதற்கு மேல் படிக்காமல் போனாலும் முடிவெடுக்க அது போதுமானதாக இருக்க வேண்டும். இரண்டாவதில், ஒன்றும் செய்யாவிட்டால் என்ன ஆகும். மூன்றாவதில், எந்தப் பரப்பை ஏன் விலக்கினோம். விலக்கியதைச் சொல்லும் குறிப்பைத்தான் களத்தில் இருக்கும் அலுவலர் நம்புவார். பிறகு ஒரே ஒரு அட்டவணை: ஏக்கருக்கு அரசுச் செலவு, உழவர் செலவு, உமிழ்வுக் குறைவு மூன்று வரம்புகளில்.

“நிலைத்த”, “முழுமையான”, “ஒருங்கிணைந்த” போன்ற சொற்களை வெட்டிவிடுங்கள். அவற்றை எடுத்தபின் வாக்கியம் காலியாக நின்றால் அந்த வாக்கியமே வேண்டாம். தமிழில் எழுதும்போது நடவு, மடை, முறைப்பாசனம், கடைமடை என்ற களச் சொற்களையே பயன்படுத்துங்கள். உதவி வேளாண் அலுவலர் வாசித்து உழவரிடம் அப்படியே சொல்லும்படி இருக்க வேண்டும்.

அனுப்பும் முன் மூவரிடம் படிக்கக் கொடுங்கள்: பாசனப் பொறியாளர் ஒருவர், வட்டார வேளாண் அலுவலர் ஒருவர், குத்தகைக்குச் சாகுபடி செய்பவர் ஒருவர். மூன்றாமவருக்கு வாசித்துக் காட்டினாலும் போதும். அவர் கேட்கும் முதல் கேள்விக்கான பதில் குறிப்பில் இல்லையென்றால் சேர்த்துவிட்டு அனுப்புங்கள்.

## 13. எப்போது கொடுப்பது

தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்டில் தொடங்கியது. அதன் பிறகு பிப்ரவரி–மார்ச்சில் வருகிறது. துறைகள் முன்மொழிவுகளை அதற்குப் பல வாரங்கள் முன்பே கட்டிவிடும். ஆகவே குறுவைக் களப்பணியை ஜூன்–செப்டம்பரில் முடித்து, தாளடி நடவின்போது அக்டோபரில் தாள் கணக்கைச் சரிபார்த்து, நவம்பருக்குள் குறிப்பைக் கொடுத்துவிடுங்கள். மே மாதத்தில் கொடுக்கும் குறுவைப் பரிந்துரைக்கு நிதியும் இருக்காது, குழாய் கொள்முதலுக்கு நாளும் இருக்காது. நாற்றங்கால் அதற்குள் விட்டிருப்பார்கள்.